இரும்பைக் கண்டால் கூவும் வாசல்

வேலாங்காட்டுப்புதூரில் கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. அந்தக் கம்பெனியின் முன்னால் கதவில்லாத வாசல் ஒன்று இருந்தது. இரண்டு சாம்பல் நிறக் கால்களும் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கும் கொண்ட அந்த வாசல் இரும்பைக் கண்டால் கூவும். தங்கத்துக்குக் கூவாது, வெள்ளிக்குக் கூவாது, தாலிக்கும் மெட்டிக்கும் வாய் திறக்காது. இரும்புக்கு மட்டும் கூவும்படி வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அதை முடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் காலை எட்டரை மணிக்கு வேலைக்கு வரும் நானூறு பெண்களும் சோறு கொண்டுவந்த தூக்குப்போசிகளை வெளியே பலகையில் வைத்துவிட்டு, சேலையில் குத்தியிருந்த ஊக்குகளைக் கழற்றி அவரவர் பெயர் எழுதிய தீப்பெட்டிகளில் போட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக அந்த வாசலைக் கடப்பார்கள். வாசல் சும்மா இருக்கும். காவலாளி மாரப்பன் தலையை ஆட்டுவார். ஒன்பது வருடங்கள் இப்படியே நடந்தது. நானூறு பெண்கள் தினமும் கடந்தார்கள், வாசல் ஒரு நாளும் கூவவில்லை, ஏன் கூவவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கம்பெனி இரும்புக்கு இவ்வளவு பயந்ததற்குக் காரணம் ஓர் ஊசிமுனை. அங்கே தைத்த சட்டைகள் கப்பலேறிப் போய், இன்னும் தவழக்கூடத் தெரியாத குழந்தைகளின் உடம்பில் ஏறின. தையல் நடுவே உடைந்த ஊசியின் முனை ஒரு சட்டைக்குள் ஒளிந்துகொண்டு அத்தனை தூரம் போய்விட்டால், அங்கே ஒரு குழந்தை அழும். அதற்காக ஒரு விதி வைத்திருந்தார்கள். ஊசி உடைந்தால் உடைத்தவள் கையைத் தூக்க வேண்டும். அந்த வரிசையில் இருக்கும் நாற்பது மெஷின்களும் நிற்க வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, 'ஊசி நோட்டு' என்ற நோட்டில் ஒரு முழு ஊசியைப் போலவே வரிசையாக அடுக்கி, டேப் போட்டு ஒட்ட வேண்டும். அப்புறந்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் நாற்பது பெண்களும் முட்டி போட்டுத் தரையைத் தடவுவார்கள். சூப்பர்வைசர் ஒரு குச்சியின் நுனியில் காந்தத்தைக் கட்டிக்கொண்டு அவர்கள் நடுவே மீன் பிடிப்பவரைப் போல நடப்பார்.

அந்தப் பெண்களுடைய நிறத்தையும் சொல்ல வேண்டும். கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே அவர்கள் தைக்கும் துணியைப் போலவே வெள்ளையாக இருக்கும். நகங்கள் கரண்டி போல நடுவில் குழிந்திருக்கும். தையல் கூடத்துக்குப் போகும் இருபத்திரண்டு படிகளை இரண்டு இடங்களில் நின்று நின்றுதான் ஏறுவார்கள். அப்புறம், அவர்கள் சாக்பீஸ் தின்பார்கள். துணியில் அளவுக்கோடு போடும் தட்டையான சாக்பீஸ் ஒரு மாதத்துக்கென்று வாங்கி வைத்தால் ஒன்பது நாளில் தீர்ந்துவிடும். ஸ்டோர்காரர் எலி தின்கிறது என்று நினைத்துப் பொறி வைத்தார். பொறியில் எலி விழவில்லை. முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை அந்த சாக்பீஸில் இருந்தது என்று பின்னாளில் அவர்கள் சொன்னார்கள். கை தானாகப் போகும், வாய் தானாகத் திறக்கும், ஒருத்தி தின்பதை இன்னொருத்தி பார்த்தால் பார்க்காததுபோல் திரும்பிக்கொள்வாள், ஏனென்றால் அவள் வாயிலும் ஒரு துண்டு இருக்கும்.

நாளைக்கு மூன்று துண்டு தின்றவள் பாவாயி. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காருகிற, நாற்பது வயதான, அதிகம் பேசாத பெண். அவளுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள். உடம்பில் ரத்தம் போதாமல், முதல் பிரசவத்திலேயே அக்கா இறந்துபோனாள். பிறந்த குழந்தையைப் பாவாயி எடுத்து வளர்த்தாள். அந்தக் குழந்தை சௌமியா இப்போது ஒன்பதாம் வகுப்புப் படித்தாள், பாவாயியை அம்மா என்று கூப்பிட்டாள், அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான், அந்த வீடு ஓடியது பாவாயியின் ஒரு சம்பளத்தில்தான்.

புதன்கிழமைதோறும் கிராம சுகாதார நர்ஸ் ஜெபக்கனி ஸ்கூட்டரில் வந்து கம்பெனிக்கு எதிரே, ஓடைப் பாலத்தின் ஓரச்சுவரான பாலக்கட்டையில் உட்காருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருடமாகியும் பேச்சு மாறாதவர். விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்த்து, குறைந்தவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார். ஒரு வருடம் முழுக்கக் கொடுத்தார். ஒரு வருடம் முழுக்க அவர்களும் விழுங்கினார்கள். வருடம் முடிந்து மறுபடி குத்திப் பார்த்தபோது யாருக்கும் ரத்த அளவு ஏறவில்லை. பாவாயிக்கு ஆறுதான் இருந்தது.

"பன்னெண்டு இருக்கணும்ட்டி, ஆறு இருக்கு. மாத்திரையை ஒழுங்காத் தின்னுதியா, இல்ல செடிக்குப் போடுதியா?"

"தவறாம முழுங்கறனுங்க சிஸ்டர்."

"எதுல முழுங்குத?"

"பத்து மணி டீயிலதானுங்க. கம்பெனில அப்பத்தான் வாய் நனைக்க விடுவாங்க."

ஜெபக்கனி இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். "ஒரு வருசமா டீயிலயா? எல்லாருமா? அடப் பாவிகளா, டீ இரும்பப் பிடிச்சு வச்சுக்கிடுமே, உடம்புக்கு விடாதே! மாத்திரை தின்னது நீங்க இல்லட்டி, உங்க டீ!"

"அதானுங்க அந்த டீ மட்டும் அவ்வளவு செவப்பா இருக்குது," என்றாள் பாவாயிக்குப் பின்னால் நின்ற துளசிமணி. எல்லோரும் சிரித்தார்கள். பாவாயி சிரிக்கவில்லை.

"எங்கக்காளுக்கும் ஆறுதானுங்க இருந்துச்சு," என்றாள்.

ஜெபக்கனி அவள் விரலில் பஞ்சை வைத்து அழுத்தினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: காலையில் சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை, ஒன்றே ஒன்று, கூடவே ஒரு நெல்லிக்காய், இல்லையென்றால் எலுமிச்சை பிழிந்த தண்ணீர், புளிப்பு இரும்பைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும், டீ ஒரு மணி நேரத்துக்குக் கிட்டவே வரக் கூடாது, முருங்கைக்கீரையும் எள்ளும் கம்பும் அடுப்பில் அடிக்கடி ஏற வேண்டும், வெளிக்குக் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், ரத்தம் பார்க்காமல் யாரும் தானாக வாங்கித் தின்னக் கூடாது. சீக்கிரம் சிவக்கட்டும் என்று ஒரே நாளில் மூன்று தின்று குடல் புரள வாந்தியெடுத்த துளசிமணியை மட்டும் தனியாக நிறுத்தி வைத்து, "இது என்ன கடலைமிட்டாயாட்டி?" என்று கேட்டார்.

அது சித்திரை மாதம். அன்றிலிருந்து தினமும் காலை எட்டே கால் மணிக்குப் பாலக்கட்டையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மாத்திரை போட்டுக்கொண்டு, நெல்லிக்காயைக் கடித்து முகத்தைச் சுளித்தார்கள். சித்திரை போய் வைகாசி வந்தது, வைகாசி போய் ஆனி வந்தது, படிகளில் இரண்டு இடத்தில் நின்றவர்கள் ஓர் இடத்தில் நின்றார்கள், ஓர் இடத்தில் நின்றவர்கள் நிற்காமலே ஏறினார்கள், சாக்பீஸ் பெட்டி முதல் தடவையாக மாதக் கடைசி வரைக்கும் வந்தது, ஸ்டோர்காரர் தன் எலிப்பொறியைப் பெருமையோடு எல்லோருக்கும் காட்டினார்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை துளசிமணியின் மெஷினில் ஊசி உடைந்தது. நாற்பது மெஷின்களும் நின்றன. முனையை மட்டும் காணவில்லை. நாற்பது பேரும் முட்டி போட்டார்கள், சூப்பர்வைசர் காந்தக் குச்சியோடு நடந்தார், கால்மணி ஆயிற்று, அரைமணி ஆயிற்று. எழுந்து நிற்பதற்காகப் பாவாயி தரையில் உள்ளங்கையை ஊன்றினாள். மூன்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அந்த ஊசிமுனை தத்துக்கிளி மாதிரித் தத்தித் தத்தி வந்து அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அவள் அதை எடுத்துத் துளசிமணியிடம் கொடுத்தாள். துளசிமணி அதை நோட்டில் ஒட்டினாள். எங்கே கிடைத்தது என்று எழுத வேண்டிய கட்டத்தில் சூப்பர்வைசர் 'பாவாயி கை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெஷின்கள் ஓடின.

அதற்குப் பிறகு ஊசி உடைந்தால் யாரும் முட்டி போடவில்லை. "பாவாயக்கா, கை குடுங்க," என்பார்கள், அவள் மேசைக்கடியில் கையை நீட்டுவாள், வேலை முடிந்துவிடும். சூப்பர்வைசர் காந்தக் குச்சியை முதுகு சொறிய வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஊரும் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. கிணற்றில் சாவிக்கொத்தைப் போட்டவர்கள் பாவாயியைக் கூட்டிப்போய்க் கிணற்றுமேட்டில் கொஞ்ச நேரம் நிற்க வைத்தார்கள். சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டுகள் கொட்டிவிட்டால் கடைக்காரர் ஆளனுப்பினார். வேலை எதுவும் இல்லாமல் நின்றால் அவள் உடம்பு மெதுவாகத் திரும்பி வடக்கைப் பார்த்து நின்றது. அதைக் கவனித்த கொத்தனார் ஒருவர் வீட்டுக்கு மூலை பார்க்கும் போதெல்லாம் அவளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துக் காலி மனையில் நிற்கச் சொன்னார். சௌமியாவின் கணக்குப் பெட்டி மேசையிலிருந்து நகர்ந்து நகர்ந்து பாவாயி மடிக்கு வந்தது. "அம்மா, நான் வீட்டுப்பாடம் எழுதற வரைக்கும் அந்த மூலையில உக்காருங்கம்மா, காம்பஸ் வட்டம் போடாம உங்க பக்கமே ஓடுது," என்று அந்தப் பெண் கெஞ்ச வேண்டியிருந்தது. பேருந்தில் கண்டக்டர் பாவாயியை நடு இருக்கையில்தான் உட்கார வைத்தார், வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதாம். அக்கம்பக்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அரிவாள்மனையை மறந்து வெளியே வைத்தால் காலையில் பாவாயி வீட்டுப் படியில் கிடக்கிறது என்றார்கள். பாவாயி தினமும் காலையில் அவற்றைத் துடைத்து அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். பத்துப் பதினைந்து நாளில் துளசிமணியின் விரலுக்கும் ஊசி வந்தது, பிறகு ஐந்து பேருக்கு, பிறகு பதினொரு பேருக்கு. முணுமுணுப்பதற்கு அதன்பின் யாருக்கும் நேரம் இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு மருந்துக்காரர் கடை போட்டார். 'காந்த லேகியம். பாவாயி அம்மாள் சாப்பிட்டது இதுவே' என்று பலகை எழுதி வைத்திருந்தார். பாவாயி வேலை முடிந்து வரும் வழியில் அங்கே நின்றாள்.

"இதுல என்னென்ன இருக்குதுங்க?"

"நூத்தியெட்டு மூலிகைம்மா! ரத்தம், நரம்பு, எலும்பு, தலைமுடி, எல்லாத்துக்கும் ஒரே டப்பா."

"பேரு சொல்லுங்க."

அவர் விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். பதினொன்று வரை நன்றாகப் போனது. பன்னிரண்டாவதாக மறுபடியும் துளசியைச் சொன்னார்.

"துளசி ஆயிருச்சுங்க."

"இது வேற துளசிம்மா."

பாவாயி வீட்டைப் பார்த்து நடந்தாள். கடையில் இருந்த அத்தனை டப்பாக்களின் இரும்பு மூடிகளும் கழன்று, வாத்துக் குஞ்சுகளைப் போல வரிசையாக அவள் பின்னாலேயே போயின. திறந்த டப்பாக்களிலிருந்து வெறும் வெல்ல வாசனை வந்தது. மறுநாள் அந்தப் பலகை அங்கே இல்லை.

ஆவணி மாதம் முதல் திங்கட்கிழமை, காலை எட்டரை மணிக்குப் பாவாயி கம்பெனி வாசலைக் கடந்தாள். வாசல் கூவியது.

ஒன்பது வருடமாக அந்தச் சத்தத்தையே கேட்டிராத மாரப்பன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். பாவாயி சுருக்குப் பையைக் கவிழ்த்துக் காட்டினாள், கொண்டையை அவிழ்த்துக் காட்டினாள், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் நடந்தாள். வாசல் திரும்பவும் கூவியது.

"அம்மிணி, உள்ள என்னதான் வெச்சிருக்கற?"

"ரத்தந்தானுங்கண்ணா."

அன்றைக்குப் பதினொரு பேருக்குக் கூவியது. செய்தி மாடிக்குப் போயிற்று. அலுவலகத்தில் இருந்தவர்கள் இந்த வாசலில் வருவதில்லை, அவர்களுக்குப் பக்கவாட்டில் தனியாக ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. ஆட்களின் வேலை விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி மிருதுளா அந்தக் கதவு வழியாக ஒரு தாளோடு வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். நன்றாகப் படித்த பெண். நாளைக்கு ஆறு டீ குடிப்பாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குவாள்.

"இரும்பு காட்டும் வாசல் யாருக்குக் கூவுகிறதோ அவர்..." என்று படித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "உள்ளே அனுமதிக்கப்பட மாட்டார். கூவாத நிலை திரும்பிய பின்..." என்று படித்து, மறுபடி மூச்சு வாங்கிக்கொண்டு, "வேலைக்கு வரலாம்," என்று முடித்தாள். "நான் சொல்லலைங்க, மேனேஜர் ஆர்டர். கத்திரிக்கோலை எடுத்துட்டுப் போனாலும் கூவும், உங்களுக்கும் கூவுதுன்னா, திருட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மாத்திரையை நிறுத்திட்டு ரெண்டு மூணு மாசம் கழிச்சு வாங்க. பழைய மாதிரி ஆயிடும்."

"பழைய மாதிரின்னா ஆறுங்க மேடம்," என்றாள் பாவாயி.

"என்ன ஆறு?"

"எங்கக்கா செத்த நம்பருங்க."

மிருதுளா தாளை மடித்தாள். அப்போது அவளுடைய உதட்டோரத்தில் வெள்ளையாக ஒரு பொடி ஒட்டியிருந்ததைப் பாவாயி பார்த்தாள். அது பவுடர் இல்லை என்று அந்த வரிசையில் இருந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லோரும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

சாயங்காலம் சௌமியா கேட்டாள். "நிறுத்திடலாமாம்மா? ரெண்டு மாசந்தானே? அப்புறம் மறுபடி சாப்பிட்டுக்கலாம்ல?" வேலையா, ரத்தமா என்பதுதான் கேள்வி, அது பாவாயிக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது, சௌமியாவின் பத்தாம் வகுப்பு கேள்விக்குறி. ரத்தம் போனால் எப்படி இருக்கும் என்பதை அவள் ஏற்கெனவே ஒரு பிரசவ அறையின் வாசலில் நின்று பார்த்திருந்தாள். "கண்ணு, உன்னப் பெத்த அம்மாளுக்கும் அப்பறம் பாத்துக்கலாம்னுதான் சொன்னாங்க," என்றாள். மறுநாள் காலை சோளக்களி தின்று, மாத்திரையைப் போட்டு, நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசல் கூவியது. மாரப்பன் சங்கடத்தோடு கையைக் குறுக்கே நீட்டினார். பாவாயி திரும்பி நடந்து, எதிரே இருந்த பாலக்கட்டையில் கம்பெனியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போலியா அம்மிணி?"

"வாசலுக்கு வெளியதான் இருக்கச் சொன்னாங்க. வெளியதான் இருக்கறனுங்க."

பதினொரு பேரும் உட்கார்ந்தார்கள். மறுநாள் இருபத்தாறு பேர் ஆனார்கள், அதற்கு மறுநாள் எழுபது, ஏனென்றால் சித்திரையில் மாத்திரை தொடங்கியவர்களின் ரத்தம் ஒவ்வொன்றாகக் கனிந்துகொண்டிருந்தது, வாசல் ஒவ்வொரு நாளும் இன்னும் சிலரை அடையாளம் கண்டது. வெள்ளிக்கிழமை காலையில் பாலக்கட்டை போதாமல் சாலையோரம் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நூற்று நாற்பது பேர். யாரும் கோஷம் போடவில்லை. எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள், முருங்கைக்கீரை ஆய்ந்தார்கள், எள்ளுருண்டை பிடித்தார்கள், எட்டே கால் மணிக்கு எல்லோரும் ஒன்றாக மாத்திரை விழுங்கினார்கள். பிறகு எழுந்து வரிசையாகப் போய் வாசலைக் கடந்து, அது கூவியதும் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். மதியச் சோற்றுக்குப் பிறகும் இன்னொரு தடவை போனார்கள். சாயங்காலம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வாசல் தொண்டை கட்டாமல் நூற்று நாற்பது முறை கூவியது.

உள்ளே ஊசிகள் உடைந்தன, முனைகள் கிடைக்கவில்லை, வரிசைகள் நின்றன. சூப்பர்வைசர் வீட்டிலிருந்து காந்தக் குச்சியைத் திரும்பக் கொண்டுவந்தார்; அது இப்போது முதுகு சொறிய மட்டுமே உதவியது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று வந்தது. ஓடிக்கொண்டிருந்த மெஷின்களின் ஊசிகள் எல்லாம் மெல்லச் சாய்ந்து, பாலக்கட்டை இருந்த திசையைப் பார்த்து நின்றன. மெக்கானிக் புது ஊசி மாட்டினார், அதுவும் சாய்ந்தது. அந்த வாரம் தைத்த சட்டைகள் ஒவ்வொன்றின் நெஞ்சிலும் மஞ்சள் வாத்து ஒன்று இருந்தது. இடது பக்கம் பார்க்க வேண்டிய வாத்து. சாய்ந்த ஊசிகள் தைத்துத் தைத்து வாத்தின் கழுத்தைத் திருப்பிவிட்டன. எந்தப் பெட்டியில் அடுக்கினாலும், எந்தப் பக்கம் வைத்தாலும், ஏழாயிரம் வாத்துகளும் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பெண்களையே பார்த்தன.

சனிக்கிழமை காலை மேனேஜர் கையில் ஒரு குட்டிச் சட்டையோடு வெளியே வந்தார். பின்னால் மிருதுளா வந்தாள்.

"சரிம்மா," என்றார் மேனேஜர். "பெரிய மனசு பண்ணி ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். காலையில கால்மணி நேரம் அந்த வாசலை அணைச்சுடறோம். சத்தம் வராது. கமுக்கமா உள்ள போயிடுங்க."

சிலர் எழுந்தார்கள். முதலில் உட்கார்ந்தவர்களுக்கு ஐந்து நாள் கூலி போயிருந்தது, வெயில் ஏறியிருந்தது. பாவாயி எழவில்லை.

"அணைக்க வேண்டாமுங்க."

"என்னம்மா, உங்களுக்காகத்தானே அணைக்கறோம்?"

"கூவட்டுமுங்க. ஒம்பது வருசம் நானூறு பேருக்கு அது கூவாமக் கெடந்துச்சு, அப்ப ஒருத்தரும் ஏன்னு கேக்கல. எங்க உடம்புல ஒரு ஊசிமுனை அளவுக்குக்கூட இரும்பு இல்லைன்னு அது தெனமும் சொல்லிட்டுத்தான் இருந்துச்சு, நீங்க அதை நல்ல பேருன்னு நெனச்சீங்க. இப்ப இருக்குதுன்னு சொல்லுது. அதோட வாய ஏனுங்க மூடணும்? நாங்க எதையும் திருடல. எங்களுதத் திருப்பி எடுத்துக்கிட்டோம்."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

மேனேஜர் வாத்தைப் பார்த்தார். வாத்து பாவாயியைப் பார்த்தது. "அப்ப கத்திரிக்கோலை எவளாவது கொண்டுபோனா எப்படித் தெரியும்?" என்றார் கடைசி முயற்சியாக.

"எனக்குத் தெரியுமுங்க," என்றார் மாரப்பன். மேனேஜர் முன்னால் அவர் வாய் திறப்பது இதுதான் முதல் தடவை. "கத்திரியக் கொண்டு நானே கடந்து பாத்தனுங்க, வெடுக்குனு கத்துது. இவிங்களுக்குக் கூவறது வேற, சங்கு ஊதற மாதிரி நீளமா வரும். ஆறு நாளா இதத்தானுங்க கேட்டுட்டு இருக்கறேன்."

"வேற என்னதான் வேணும்?"

பெண்கள் தங்களுக்குள் பேசி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. காலையில் வாசலில் ஆளுக்கு ஒரு டம்ளர் எலுமிச்சைத் தண்ணீர், கம்பெனிச் செலவில். ஜெபக்கனி சிஸ்டருக்கு உட்கார நாற்காலி, உள்ளே, நிழலில். "அப்பறம் அந்தக் கண்ணாடிக் கதவச் சாத்திருங்க," என்றாள் பாவாயி, மேனேஜரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் நின்ற மிருதுளாவைப் பார்த்தபடி. "எல்லாரும் இதே வாசல்ல வரட்டும்."

கப்பல் காத்திருந்தது. மேனேஜர் ஒப்புக்கொண்டார். அன்று மதியமே ஊசிகள் நிமிர்ந்தன. வாத்துகள் மட்டும் திரும்பவில்லை. அப்படியே கப்பலேறிப் போயின. வேறு எவர் நெஞ்சில் இருந்தாலும் அவை இன்னும் இந்த ஊரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

மாரப்பன் தன் வேலையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டார். யாருக்கு வாசல் கூவுகிறதோ அவரைத் தலையாட்டி உள்ளே அனுப்பினார். யாருக்குக் கூவவில்லையோ அவரைக் கைநீட்டி நிறுத்தி, ஓரமாகப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார வைத்தார், புதன்கிழமையானால் ஜெபக்கனி வந்து விரலில் குத்திப் பார்ப்பார். மேனேஜர் கடந்தபோது வாசல் கனைத்த மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது. போதும் என்று மாரப்பன் விட்டுவிட்டார்.

மிருதுளா இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். மூன்றாம் நாள் புதன்கிழமை. வரிசையின் நடுவில், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு முன்னால் போனவளுக்கு வாசல் நீளமாகக் கூவியது. மிருதுளா கடந்தாள்.

வாசல் சும்மா இருந்தது.

பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒன்பது வருடம் அவர்கள் எல்லோருக்கும் கிடைத்த அதே அமைதி அது; அப்போது ஒருவர் காதிலும் விழவில்லை, இப்போது வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

"நில்லுங் மேடம்," என்றார் மாரப்பன்.

"எங்கிட்ட ஒண்ணும் இல்லையே," என்றாள் மிருதுளா.

"அதுக்குத்தானுங்க நிக்கச் சொன்னேன்."

அவள் கண்கள் கலங்கின. அந்தத் தாளைப் படித்தவள் அவள்தான் என்பது அந்த வரிசையில் எல்லோருக்கும் நினைவிருந்தது. எவளாவது ஏதாவது சொல்லிவிடுவாள் என்று அவள் காத்திருந்தாள். பாவாயி வரிசையிலிருந்து விலகி வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"ஒரு நாளைக்கு எத்தன துண்டுங்க?"

மிருதுளா தரையைப் பார்த்தாள். "அஞ்சு," என்றாள். "சில நாள் ஆறு."

"எனக்கு மூணு. துளசிக்கு எட்டு."

"ஒம்பதுக்கா," என்றாள் துளசிமணி வரிசையிலிருந்து. "கொறச்சுச் சொல்லாதீங்க."

மிருதுளா சிரித்துவிட்டாள், சிரிப்பிலேயே மூச்சு வாங்கியது. பையைத் திறந்து தட்டையான சாக்பீஸ் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊக்குகள் கிடந்த தீப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் பல் தடம் இருந்தது. ஜெபக்கனி அவளை ஸ்டூலில் உட்கார வைத்து விரலைப் பிடித்தார். "பயப்படாத, எறும்பு கடிச்ச மாதிரிதான்," என்றார். குத்தினார். எட்டிப்பார்த்த துளி நிறம் வெளுத்திருந்தது.

பாவாயி ஒரு டம்ளர் எலுமிச்சைத் தண்ணீரை அவளுக்கு முன்னால் வைத்தாள்.

"எனக்கும் கூவுமா?" என்று மிருதுளா மெல்லக் கேட்டாள்.

"ஏன் கூவாது? டீய மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி வெச்சுக்கங்க," என்றாள் பாவாயி. பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பிப்போய் நின்றாள். மாரப்பன் கையை இறக்கினார், வரிசை நகர்ந்தது. ஒருத்திக்குக் கூவியது, அடுத்தவளுக்குக் கூவியது, பாவாயிக்கு எல்லோரையும்விட நீளமாகக் கூவியது. மிருதுளா டம்ளரைக் கையில் பிடித்தபடி, கடைசி ஆள் உள்ளே போகும் வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.